மெரினா உழைப்பாளர் சிலை: படத்தில் அந்தப் பாரம் தெரிய என்ன செய்வது?

நிழல்வெளி கேட்கிறார்:

வணக்கம். சென்னை மெரினாவில் நான்கு பேர் ஒரு பாறையை நகர்த்தத் திணறும் உழைப்பாளர் சிலையை மட்டும் வைத்து எட்டு முதல் பத்துப் படம் கொண்ட ஒரு தொகுப்பு எடுக்க வேண்டும். ஜனவரி கடைசியில் ஒரு சிறிய கண்காட்சி. 12க்கு 18 அங்குல அச்சு. கையில் இருப்பது 24 மெகாபிக்சல் ஏபிஎஸ்-சி (நடுத்தர அளவு சென்சார்) கேமரா, அதோடு வந்த 18-55 கிட் லென்ஸ், 55-250 ஜூம், ஒரு மோனோபாட் (ஒற்றைக்கால் தாங்கி).

சோதனைக்கு எடுத்த படங்களில் உள்ள குறைகள் இவை. சாலைப் பக்கம் நின்று காலையில் எடுத்தால் நான்கு பேரும் கரிக்கட்டை மாதிரி நிற்கிறார்கள், பின்னால் வானம் வெளுத்துப் போகிறது. வெளிச்சத்தை ஏற்றினால் வெண்கலம் சாம்பல் சேறு போல ஆகிறது. பீடத்துக்கு அருகே போய் அண்ணாந்து எடுத்தால் முழங்கால் பெரிதாகவும் முகம் சிறிதாகவும் வருகிறது. எல்லாம் சரியாக அமைந்த ஒன்றிரண்டு படங்கள்கூட "இங்கே ஒரு சிலை இருக்கிறது" என்று மட்டும்தான் சொல்கின்றன. அந்தத் திணறல், அந்த மூச்சுப்பிடிப்பு வரவில்லை.

இன்னொரு கேள்வி வரலாறு பற்றியது. படக்குறிப்பில் எதை எழுதலாம்? இந்தியாவின் முதல் மே தினம் சரியாக இந்த இடத்தில்தான் நடந்தது என்று பலரும் சொல்கிறார்கள், அப்படியே எழுதலாமா? கண்காட்சியில் வைக்க யாரிடமாவது அனுமதி வாங்க வேண்டுமா?

---

வாலாஜா முனை பதில்:

நீங்கள் சொன்ன மூன்று குறைகளும் ஒரே இடத்தில்தான் தொடங்குகின்றன: நிற்கும் இடம். கேமராவையும் லென்ஸையும் மாற்ற வேண்டியதில்லை.

முதலில் திசை. சிலைக்குக் கிழக்கே மணலும் கடலும், மேற்கே காமராஜர் சாலையும் சேப்பாக்கக் கட்டடங்களும். காலையில் சாலைப் பக்கம் நின்றால் சூரியனைப் பார்த்து எடுக்கிறீர்கள், கரிக்கட்டைதான் வரும். கடல் பக்கம் போய்ச் சூரியனை முதுகுக்குப் பின்னால் வைத்தால் வெளிச்சம் சரியாகிவிடும். ஆனால் எல்லாத் தசையிலும் ஒரே அளவு ஒளி விழுந்து உடம்பு தட்டையாகிவிடும். அஞ்சலட்டைப் படம் பிறப்பது அங்கேதான். நமக்கு வேண்டியது பக்கவாட்டு ஒளி. அதற்குச் சிலையின் தெற்கிலோ வடக்கிலோ நிற்க வேண்டும்.

எந்தப் பக்கம் என்பது மாதத்தைப் பொறுத்தது. டிசம்பரில் சென்னையில் சூரியன் நேர்கிழக்கிலிருந்து ஏறத்தாழ 24 பாகை தெற்கே தள்ளி உதிக்கிறது. தெற்கே நின்று வடக்கு நோக்கி எடுத்தால் ஒளி உங்கள் வலத்தோளுக்குச் சற்றுப் பின்னாலிருந்து வரும். விலா, தோள்பட்டை, தொடை எல்லாம் ஒரு பக்கம் வெளிச்சம், மறுபக்கம் நிழல் என்று பிரிந்து திரண்டு தெரியும். அதே காலையில் வடக்கே நின்று தெற்கு நோக்கினால் சூரியன் சற்று முன்னால் வந்துவிடும். அப்போது உடம்பின் ஓரம் மட்டும் ஒளிக்கோடாக வரும், உள்பகுதி இருண்டிருக்கும். ஜூனில் இது அப்படியே தலைகீழ். ஜனவரிக்குள் முடிக்க வேண்டும் என்கிறீர்கள், அதனால் தெற்குப் பக்கத்தை முதன்மையாக வைத்துக்கொள்ளுங்கள்.

நேரமும் குறுகியது. டிசம்பர் நடுவில் உதயம் சுமார் 6.20, ஜனவரி நடுவில் சுமார் 6.35. உதித்து இருபது நிமிடத்திலிருந்து ஒரு மணி நேரம் வரைதான் பயனுள்ள ஒளி. டிசம்பரிலேயே காலை 9 மணிக்குச் சூரியன் 30 பாகைக்கு மேல் ஏறிவிடும். அதன் பிறகு புருவ நிழல் கண்ணை மூடும், மார்பின் நிழல் வயிற்றை மூடும். வடகிழக்குப் பருவக் காலத்தில் அடிவானத்தில் மேகத்திட்டு நிற்பது வழக்கம், உதயம் கால் மணி தள்ளிப்போனால் கிளம்பிவிடாதீர்கள். மாலை ஒளியும் கிடைக்கும், ஆனால் சாலைக்கு மேற்கே கட்டடமும் மரமும் இருப்பதால் சூரியன் அடிவானத்தைத் தொடும் முன்பே சிலை நிழலுக்குள் போய்விடும்.

அடுத்தது தூரம். முழங்கால் பெரிதாவது லென்ஸின் கோளாறு அல்ல, அருகில் நிற்பதால் வருவது. கணக்குப் போட்டுப் பாருங்கள். சிலையின் முகம் உங்கள் கண் மட்டத்தைவிட 3.5 மீட்டர் உயரத்தில் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 5 மீட்டரில் நின்றால் கேமராவை 35 பாகை அண்ணாத்த வேண்டும். 15 மீட்டரில் நின்றால் 13 பாகை போதும். 35 பாகையில் தெரிவது தாடையின் அடிப்பகுதி, 13 பாகையில் தெரிவது முகம். ஆகவே பின்னால் போங்கள், ஜூமை நீட்டுங்கள்.

15 மீட்டரில் உங்கள் கேமராவுக்கு 55 மி.மீ.யில் ஏறத்தாழ 6.4 மீட்டர் அகலம் அடங்கும், அது முழுச் சிலைக்கு. 135 மி.மீ.யில் 2.6 மீட்டர், அதில் ஓர் உடம்பும் அடுத்தவரின் ஒரு பகுதியும். 250 மி.மீ.யில் 1.4 மீட்டர், அது ஒரு முகமும் தோளும், அல்லது ஒரு காலும் தரையும். லென்ஸ் திறப்பை எஃப்/8இல் வையுங்கள். 135இல் சுமார் 4 மீட்டர் ஆழம் கூர்மையாக இருக்கும். 250இல் அது 1.1 மீட்டரைச் சற்றே தாண்டும் அளவுக்குக் குறைந்துவிடும், அதனால் அங்கே எதைக் கூர்மையாக வைப்பது என்று முடிவு செய்துகொண்டு எடுங்கள். கண்ணா, கழுத்தா, பிடித்த கையா?

ஷட்டர் 1/250க்குக் கீழே வேண்டாம், 250 மி.மீ.க்கு 1/400. மோனோபாட் இருந்தாலும் கடற்காற்று லென்ஸை ஆட்டும். உதயத்துக்கு அரை மணி கழித்து எஃப்/8, 1/250, ஐஎஸ்ஓ 400 என்று தொடங்கினால் ஏறக்குறைய சரியாக இருக்கும்.

ஒளி அளவை கேமராவின் போக்குக்கு விடாதீர்கள். வெண்கலம் இருண்ட பொருள். சட்டம் முழுக்க அது இருந்தால் கேமரா அதை நடுத்தரச் சாம்பலாக்க முயன்று வெளிச்சத்தை ஏற்றிவிடும், சேறு அப்படித்தான் வருகிறது. வானம் பாதி இருந்தால் எதிர்ப்பக்கம் போய்க் கரியாக்கிவிடும். மேனுவலில் வைத்து, ஸ்பாட் மீட்டரை (ஒரு சிறு இடத்தின் ஒளியை மட்டும் அளப்பது) வெயில் படும் தோளில் காட்டி, அந்த இடம் மீட்டர் சொல்வதைவிட அரை ஸ்டாப் (ஒரு ஸ்டாப் குறைத்தால் ஒளி பாதியாகும்) இருட்டாக இருக்கும்படி வையுங்கள். நிழல் பகுதி இருண்டு போனால் போகட்டும், ரா கோப்பில் (கேமரா பதப்படுத்தாமல் சேமிக்கும் மூலக் கோப்பு) இரண்டு ஸ்டாப் தூக்கலாம். தோளில் வெளுத்துப்போன பளபளப்பைத் திரும்பக் கொண்டுவர முடியாது.

போலரைசர் (பளபளப்பைக் குறைக்க லென்ஸ் முன் போடும் வடிகட்டி) வாங்கலாமா என்று அடுத்து கேட்பீர்கள். அது வானத்தைக் கறுப்பாக்கும், சூரியனுக்குச் செங்குத்தான திசையில் நன்றாகவே. ஆனால் வெறும் உலோகத்தின் பளபளப்பை அது பெரிதாகக் குறைக்காது. மேலே படிந்த களிம்பின் மினுக்கத்தைக் கொஞ்சம் அடக்கும், அவ்வளவுதான். ஒன்றரை ஸ்டாப் ஒளியையும் தின்றுவிடும். அந்தக் காலை நேரத்தில் எனக்கு அது தேவையற்றது என்றே படுகிறது.

---

களிமண் பதில்:

மேலே தொழில்நுட்பம் தெளிவாக வந்துவிட்டது. "திணறல் வரவில்லை" என்ற வரிக்கு நான் பதில் சொல்கிறேன். அது ஒளியால் மட்டும் தீராது. இந்தச் சிலையில் எது நடக்கிறது என்று புரிந்துகொண்டு எடுத்தால்தான் தீரும்.

செய்தவர் தேவி பிரசாத் ராய் சௌத்ரி. 1899இல் ரங்கப்பூரில் பிறந்தவர், அபனீந்திரநாத் தாகூரிடம் ஓவியம் கற்றவர். 1929இல் சென்னைக் கலைப் பள்ளிக்குத் தலைமை ஏற்றார், அந்தப் பொறுப்புக்கு வந்த முதல் இந்தியர் அவர்தான். இன்றைய அரசு கவின் கலைக் கல்லூரிதான் அந்தப் பள்ளி. லலித் கலா அகாடமியின் முதல் தலைவர், 1958இல் பத்மபூஷண். இந்தச் சிலை நிறுவப்பட்டது 25 ஜனவரி 1959, குடியரசு நாளுக்கு முந்தைய நாள். அதே கடற்கரையில் தெற்கே நிற்கும் காந்தி சிலையும் அவர் கை வேலைதான். தில்லியில் தண்டி யாத்திரையைக் காட்டும் பதினொரு உருவச் சிலை, பாட்னாவில் தியாகிகள் நினைவுச் சிலை ஆகியவையும் அவருடையவையே. கூட்டமாகச் சேர்ந்து ஒன்றைச் செய்யும் மனிதர்கள் அவருக்கு மிகப் பிடித்த பொருள்.

அவருக்குப் பிரெஞ்சுச் சிற்பி ரோதான் மேல் ஈடுபாடு. அந்தப் பாதிப்பு எங்கே தெரிகிறது என்றால், மேற்பரப்பில். மழமழவென்று தேய்த்து முடிக்காமல், களிமண்ணை அப்பியபோது விழுந்த மேடு பள்ளத்தை அப்படியே வார்ப்பில் விட்டிருப்பார். ஒரு கெண்டைக்காலை மட்டும் 250 மி.மீ.யில் நிரப்பிப் பாருங்கள். தோல் மாதிரி இருக்காது, திட்டுத்திட்டாக இருக்கும். பக்கவாட்டு ஒளியில் ஒவ்வொரு திட்டும் தன் நிழலைத் தானே போடும். உச்சி வெயிலிலும் நேர் ஒளியிலும் இது மொத்தமாக மறைந்துவிடும். வாலாஜா முனை சொன்ன அந்த நாற்பது நிமிடம் இதற்குத்தான் முக்கியம். சிற்பி தசையை வடித்ததை மட்டுமல்ல, அவர் கை போன வேகத்தையும் அந்த ஒளி காட்டும்.

இப்போது உணர்ச்சிக்கு வருகிறேன். இதற்கு ஆங்கிலத்தில் வைத்த "டிரையம்ப் ஆஃப் லேபர்" என்ற பெயரில் "வெற்றி" இருக்கிறது. தமிழில் மக்கள் அதை விட்டுவிட்டு "உழைப்பாளர் சிலை" என்றார்கள். சிலையைப் பார்த்தால் மக்கள் வைத்த பெயர்தான் சரி என்று தோன்றும். பாறை இன்னும் நகர்ந்து முடியவில்லை. நால்வரும் முழு மூச்சைக் கட்டி நெக்கித் தள்ளுகிற அந்த ஒரு கணத்தில் நிற்கிறது. வென்ற முகம் எதுவும் அதில் இல்லை. ஆகவே கீழிருந்து அண்ணாந்து, வானத்தை முட்டும் வீரர்களாக எடுத்தால் சிலை சொல்லாததைப் படம் சொல்லும்.

பலரும் செய்யும் பெரிய தவறு, அழகான உடம்பைச் சட்டத்தில் நிரப்பிப் பாறையை வெட்டிவிடுவது. பாறை போனால் அந்த மனிதர்கள் எதையோ பிடித்துக்கொண்டு சாய்ந்து நிற்பவர்களாகிவிடுவார்கள். பாரம் எங்கே என்று தெரிந்தால்தான் திணறல் தெரியும். முழுச் சிலைப் படத்தில் பாறைக்கு முன்னால், அது நகர வேண்டிய திசையில், இடம் விடாதீர்கள். பொதுவாக நகரும் பொருளுக்கு முன்னால் இடம் விடச் சொல்வார்கள். இங்கே சட்டத்தின் ஓரம் பாறையை நெருக்கினால்தான் அது நகர மறுக்கிறது என்ற உணர்வு வரும்.

முகத்தைத் துரத்தாதீர்கள். இந்தச் சிலையில் முகத்தைவிட முதுகும் பாதமும் அதிகம் பேசுகின்றன. குதிகால் எப்படி ஊன்றியிருக்கிறது, விரல்கள் எப்படித் தரையைப் பற்றுகின்றன என்று ஒரு படம். குனிந்த முதுகில் தோள்பட்டை எலும்புகள் நெருங்கும் இடத்தில் ஒரு படம். ஒருவர் தோளுக்கும் அடுத்தவர் விலாவுக்கும் நடுவில் உள்ள இடைவெளி ஒரு படம். நால்வரும் ஒரே விசையில் இருக்கிறார்கள் என்பதை அந்த இடைவெளிதான் காட்டும்.

வரலாற்றுக் குறிப்பு பற்றி. "முதல் மே தினம் சரியாக இந்த இடத்தில்" என்று எழுத வேண்டாம். 1923 மே 1 அன்று சிங்காரவேலர் சென்னையில் இரண்டு கூட்டங்களுக்கு ஏற்பாடு செய்தார். ஒன்று உயர் நீதிமன்றத்துக்கு எதிரே உள்ள கடற்கரையில், மற்றொன்று திருவல்லிக்கேணிக் கடற்கரையில். உழைப்பாளர் சிலை திருவல்லிக்கேணிக் கடற்கரையை ஒட்டித்தான் நிற்கிறது, ஆனால் கிட்டத்தட்ட 36 ஆண்டுகள் கழித்து வந்தது. "1923இல் இந்தியாவின் முதல் மே தினக் கூட்டங்களில் ஒன்று நடந்த கடற்கரையில்" என்று எழுதினால் உண்மைக்கும் பழுதில்லை, படத்துக்கும் பலம். இன்னும் ஒரு வரி வேண்டுமென்றால், 1918 ஏப்ரலில் சென்னைத் தொழிலாளர் சங்கம் தொடங்கப்பட்டதையும் 1921இல் பெரம்பூர் பின்னி ஆலையில் நடந்த நீண்ட வேலைநிறுத்தத்தையும் குறிப்பிடலாம். இந்தச் சிலை இந்த ஊரில் ஏன் நிற்கிறது என்பதற்கு அந்த இரண்டும் பின்புலம்.

---

ரெண்டாம் வெயில் பதில்:

சட்டமும் நடைமுறையும் மட்டும் சொல்லிவிட்டுப் போகிறேன்.

பொது இடத்தில் நிரந்தரமாக நிற்கும் சிற்பத்தைப் படமெடுப்பதும் அந்தப் படத்தை வெளியிடுவதும் 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 52ஆம் பிரிவுப்படி மீறல் ஆகாது. சிற்பி இறந்தது 1975. 60 ஆண்டுக் கணக்கில் உரிமை 2035 முடிய இருக்கிறது. இருந்தாலும் நீங்கள் படம் எடுக்க அது தடையில்லை. சிலையின் சிறுவடிவம் செய்து விற்பது வேறு கதை. படக்குறிப்பில் சிற்பியின் பெயரைக் கட்டாயம் போடுங்கள். இந்தச் சிலையைத் தெரிந்தவர்கள் லட்சம் பேர், செய்தவரைத் தெரிந்தவர்கள் மிகக் குறைவு.

ட்ரோன் எண்ணமே வேண்டாம். கோட்டையும் தலைமைச் செயலகமும் கடற்படைத் தளமும் கூப்பிடு தூரத்தில். ட்ரைபாட், லைட் ஸ்டாண்ட் விரித்தால் காவலர் வந்து கேட்பார், மோனோபாடுக்கு யாரும் ஒன்றும் சொல்வதில்லை. பீடத்தில் ஏறக் கூடாது, சாலை நடுவில் நின்று லென்ஸ் மாற்றக் கூடாது.

ஜனவரி என்றதால் ஒரு எச்சரிக்கை. 2023 முதல் குடியரசு நாள் அணிவகுப்பு உழைப்பாளர் சிலை அருகில் நடந்துவருகிறது. அதற்கு முந்தைய நாட்களில் ஒத்திகைக்காகக் காலையில்தான் காமராஜர் சாலையில் போக்குவரத்தை மாற்றுவார்கள். பந்தல், தடுப்பு, இருக்கை எல்லாம் பின்னணியில் வந்துவிடும். டிசம்பர் கடைசியிலிருந்து பொங்கலுக்குள் முடித்துவிடுங்கள். காணும் பொங்கலன்று அந்தப் பக்கமே போக வேண்டாம், கூட்டத்தில் 15 மீட்டர் பின்வாங்க இடம் கிடைக்காது. பறக்கும் ரயிலில் சேப்பாக்கத்தில் இறங்கி வாலாஜா சாலை வழியே நடந்தால் நேரே சிலை முனைக்கு வந்துவிடலாம்.

---

உப்புக்காற்று பதில்:

கருவியைக் காப்பாற்றும் விஷயத்தை யாரும் தொடவில்லை. மெரினாவில் படம் கெடுவதற்குப் பாதிக் காரணம் இதுதான்.

ஏசி அறையிலிருந்தோ ஏசி காரிலிருந்தோ எடுத்த கேமராவைக் கடற்கரையில் திறந்தால் முன்கண்ணாடியில் நொடியில் பனி படியும். துடைத்தால் மறுபடி படியும். உள்கண்ணாடியில் படிந்தால் துடைக்கவும் முடியாது. பையின் ஜிப்பைத் திறக்காமல் 15, 20 நிமிடம் வெளிக்காற்றில் வைத்திருங்கள், கேமரா சூடேறிய பிறகு திறங்கள். முந்தைய இரவே ஏசி இல்லாத அறையில் வைத்தால் இந்தத் தொல்லையே இல்லை. உதய நேரத்தில் இழக்கும் இருபது நிமிடம் அன்றைய மொத்த ஒளியில் பாதி.

இரண்டாவது உப்பு. கடலிலிருந்து வரும் நுண்துளி லென்ஸில் மெல்லிய படலமாக ஒட்டும். கண்ணுக்குத் தெரியாது, ஆனால் ஓரத்தில் சூரியன் இருக்கும் படங்களில் மாறுபாடு குறைந்து வெளிறிப் போகும். "சாம்பல் சேறு" என்று நிழல்வெளி சொன்னதில் இதற்கும் பங்கு இருக்கலாம். ஒரு யூவி ஃபில்டர் போட்டுக்கொள்ளுங்கள், அரை மணிக்கு ஒருமுறை வெளிச்சத்துக்கு எதிரே சாய்த்துப் பாருங்கள். துடைக்கும் முறை முக்கியம்: முதலில் புளோயரால் மணலை ஊதி எடுக்க வேண்டும், பிறகு லென்ஸ் திரவம் நனைத்த துணி, கடைசியில் உலர்ந்த துணி. உலர்ந்த துணியில் தொடங்கினால் மணல் துணுக்கு கண்ணாடியைக் கீறிவிடும். மணலில் நின்று லென்ஸ் கழற்ற வேண்டாம். அன்று முழுக்க 55-250 மட்டும் மாட்டியிருந்தால் போதும், 18-55இல் ஆகக்கூடிய வேலை இந்தச் சிலையில் அதிகமில்லை.

கைபேசியில் எடுப்பவர்களும் இதைப் படிப்பார்கள் என்பதால் ஒரு வார்த்தை. 3 மடங்கு லென்ஸை மட்டும் பயன்படுத்துங்கள், 0.5 மடங்கு வேண்டவே வேண்டாம். தானியங்கி எச்டிஆர் இருந்தால் அணைத்துவிடுங்கள். அது நிழலையெல்லாம் தூக்கி உடம்பைத் தட்டையாக்கும், உருவத்தின் ஓரத்தில் வெள்ளை வளையம் போடும். தோளில் விரலை அழுத்திப் பூட்டி, வெளிச்சத்தை ஒரு ஸ்டாப் போலக் குறைத்து எடுத்தால் போதும்.

---

களிமண் பதில்:

கறுப்பு வெள்ளையா வண்ணமா என்ற கேள்வியும் வரும், முன்கூட்டியே என் கருத்து. தொகுப்பு முழுவதையும் கறுப்பு வெள்ளையாக்காதீர்கள். கடலோர வெண்கலத்தில் மழைநீர் வழியும் இடங்களில் பச்சைக் களிம்பு கோடாக இறங்கும், நீர் தேங்கும் மடிப்பில் வெளிறும். 1959இலிருந்து இன்றுவரை வீசிய கடற்காற்று அந்த நிறத்தில்தான் இருக்கிறது. அதைச் சாம்பலாக்கினால் வரலாறு கேட்ட நீங்களே வரலாற்றை அழித்துவிடுவீர்கள்.

---

வாலாஜா முனை பதில்:

களிமண் சொல்வதில் பாதி ஒப்புக்கொள்கிறேன். களிம்பைக் காட்டும் நெருக்கப் படங்கள் வண்ணத்தில்தான் இருக்க வேண்டும். ஆனால் முழுச் சிலைப் படத்தில் பின்னணியில் மஞ்சள் ஆட்டோ, நீலத் தட்டி, சிவப்புப் பேருந்து என்று வந்தால் கண் அங்கே ஓடிவிடும். கறுப்பு வெள்ளையில் அந்த நிறங்கள் அடங்கும். மேலும் ஒரு லாபம்: லைட்ரூம் மென்பொருளில் கறுப்பு வெள்ளைக் கலவையில் நீலத்தை 30 போலக் குறைத்து ஆரஞ்சை 15 ஏற்றினால், வானம் இருண்டு, காலை வெயில் பட்ட வெண்கலம் மேலெழும். வண்ணத்தில் கரியாக இருந்த உருவம் வானத்தைவிட ஒளி மிகுந்ததாக வரும். அளவு மீறினால் உருவத்தின் ஓரத்தில் புள்ளி புள்ளியாக வெடிக்கும், 100 சதவீதத்தில் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டே நகர்த்துங்கள்.

வண்ணப் படத்துக்கு வெள்ளைச் சமநிலையைத் தானியங்கியில் விடாமல் 5500 கெல்வினில் நிறுத்துங்கள். நிழல் பகுதி நீலமாக வரும். அதை முழுக்கத் திருத்தினால் வெயில் பகுதி ஆரஞ்சாகிவிடும், பாதி மட்டும் திருத்தி நிறுத்துங்கள். மேடு பள்ளத்தின் மாறுபாட்டைக் கூட்டும் "கிளாரிட்டி" 15க்கு மேல் போக வேண்டாம். சிற்பியே திட்டுத்திட்டாக விட்ட பரப்பில் அதை ஏற்றினால் சொறி பிடித்த மாதிரி ஆகிவிடும்.

காக்கை எச்சத்தை அழிக்கலாமா என்பது உங்கள் மனசாட்சி. நெற்றியிலோ கண்ணிலோ வழிந்து முகத்தை மாற்றினால் நான் அழிப்பேன். தோளில் இருந்தால் விட்டுவிடுவேன்.

அச்சுக்கு: 12க்கு 18 அங்குலத்துக்கு 300 பிபிஐ-யில் (அங்குலத்துக்கு 300 பிக்சல்) 3600க்கு 5400 பிக்சல் வேண்டும். உங்கள் 24 மெகாபிக்சலில் வெட்ட அதிக இடமில்லை, எடுக்கும்போதே சட்டத்தை முடித்துவிடுங்கள். பளபளப்புத் தாள் வேண்டாம், மேட் அல்லது லஸ்டர். இருண்ட வெண்கலம் பளபளப்புத் தாளில் கண்காட்சி விளக்கைத்தான் காட்டும். அச்சகத்தில் முதலில் ஒரு 6க்கு 9 சோதனை அச்சுப் போட்டு, நிழல் பகுதி எவ்வளவு மூழ்குகிறது என்று பார்த்த பிறகு மொத்தத்தையும் கொடுங்கள். திரையில் தெரியும் நிழல் விவரத்தில் கணிசமான பகுதி தாளில் காணாமல் போகும், கால் முதல் அரை ஸ்டாப் தூக்கிக் கொடுக்க வேண்டியிருக்கும்.

---

நிழல்வெளி:

எல்லோருக்கும் மிக்க நன்றி. பாறைக்கு முன்னால் இடம் விடாதே என்ற ஒரு வரியிலேயே என் பழைய படங்களின் குறை புரிந்துவிட்டது. இரண்டு சந்தேகம். எந்தக் கோணத்தில் நின்றாலும் நால்வரில் ஒருவர் மறைந்துவிடுகிறார், அதற்கு வழி உண்டா? டிசம்பரில் மழை பெய்தால் அந்த நாளை விட்டுவிடலாமா?

---

களிமண் பதில்:

மறைவது சிலையின் குறை இல்லை. சுற்றி வந்து பார்ப்பதற்காகச் செய்தது, ஒரே இடத்திலிருந்து முழுதும் தெரியாது. முதல் நாள் பெரிய கேமராவே வேண்டாம். கைபேசியுடன் போய் எட்டுத் திசையிலிருந்தும் 15 மீட்டரில் ஒவ்வொரு படம் எடுங்கள். வீட்டில் அவற்றைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, ஒவ்வொன்றிலும் நான்கு தலை, எட்டுக் கை, எட்டுக் கால், பாறை ஆகியவற்றில் எத்தனை தெளிவாகப் பிரிந்து தெரிகிறது என்று எண்ணுங்கள். அதிகம் பிரிந்த திசை முழுச் சிலைப் படத்துக்கு. அதிகம் ஒன்றன்மேல் ஒன்று விழும் திசையை ஒதுக்கிவிடாதீர்கள், நால்வரும் ஒரே உடம்பாகத் திரண்டு தெரிவது அங்கேதான். 135 மி.மீ.யில் நெருக்கி எடுக்க அதைவிட நல்ல இடம் கிடையாது. எந்தத் திசையில் விளக்குக் கம்பம் தலையில் முளைக்கிறது என்பதும் அன்றே தெரிந்துவிடும். இரண்டடி நகர்ந்தால் கம்பம் போய்விடும், ஆனால் சூரியன் ஏறிக்கொண்டிருக்கும்போது அந்த இரண்டடியைத் தேடக் கூடாது.

---

வாலாஜா முனை பதில்:

மழை நாளை விடவே விடாதீர்கள். நனைந்த வெண்கலம் ஒரு ஸ்டாப் அளவுக்கு இருண்டு, மேல் நோக்கிய பரப்பில் மட்டும் வானத்தைப் பிரதிபலிக்கும். முதுகிலும் தோளிலும் வியர்வை வழிகிற மாதிரியே இருக்கும். அது எந்த வெயிலிலும் கிடைக்காது. பெய்து ஓய்ந்த பிறகு காற்று உலர்த்துவதற்குள் எடுத்துவிட வேண்டும்.

மேகமூட்டத்தில் திசை ஒளி இல்லை என்று நினைக்க வேண்டாம். கடல் பக்கம் வானம் திறந்திருக்கும், சாலைப் பக்கம் கட்டடமும் மரமும் அடைத்திருக்கும். ஆகவே கிழக்கிலிருந்து மென்மையான ஒளி வந்துகொண்டுதான் இருக்கும். அதே தெற்குப் பக்கம் நில்லுங்கள். ஐஎஸ்ஓ 800, எஃப்/8, 1/250இல் தொடங்குங்கள். வெளுத்த வானத்தைச் சட்டத்தில் சேர்க்காதீர்கள். முதுகு, கெண்டைக்கால், பாறையின் நனைந்த விளிம்பு என்று 200 மி.மீ.க்கு மேல் நெருக்கியே எடுங்கள். லென்ஸ் ஹூட் மாட்டி, ஒரு பிளாஸ்டிக் பையில் ஓட்டை போட்டு ஹூட்டில் ரப்பர் பேண்டால் கட்டிவிட்டால் தூறலிலும் வேலை நடக்கும். வீட்டுக்கு வந்ததும் கேமராவை ஈரத்துணியால் ஒருமுறை துடைத்து உப்பை எடுத்த பிறகே உலர்ந்த துணியால் துடையுங்கள். அன்று இரவு சிலிக்கா ஜெல் போட்ட டப்பாவில் வைத்துவிடுங்கள்.